புரதத்தொகையா, புரதத்திரளா?

தருமபுரியிலிருந்து:
அன்புடையீர், வெள்ளிக்கிழமை செவிலியர் பயிற்சி வகுப்புக்காக, உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் குருதிப் புரதங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எடை இறங்க இறங்க, அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதம் குறைகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் குறைய, அடிப்போனெக்டின் கூடுகிறது. இப்படிக் குருதியில் உள்ள புரதங்கள் அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் ‘புரோட்டியோம்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். சிகிச்சைக்கு நான் இட்ட ‘பருமனறுவை’ பொருந்துமா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
எட்டுத்தொகை என்று சொல்லிப் பழகிய நமக்குப் ‘புரதத்தொகை’ இருக்கத் தயக்கம் எதற்கு, அம்மா?

பாலக்கோட்டிலிருந்து:
எட்டுத்தொகை தேர்ந்தெடுத்துத் தொகுத்தது. குருதியிலோ தேர்வே இல்லை, ஐயா. அதோடு, ‘புரதத்தொகை குறைந்தது’ என்று எழுதினால், ஆய்வகச் சீட்டில் வரும் மொத்தப் புரத அளவு குறைந்ததாகவே மாணவிகள் கொள்வார்கள். ‘புரதத்திரள்’ என்போம். புரதம் என்பதும் ‘புரத்தல்’ வழி வந்த நற்றமிழே. புரவலன் நாட்டைக் காப்பதுபோல் இது உடலைக் காக்கிறது. லெப்டினையும் விடவேண்டாம்: கிரேக்கத்தில் ‘மெலிந்த’ என்று பொருள்படும் லெப்டோஸ் அதன் வேர் என்பதால் ‘மெலிமி’ எனலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
புரோட்டீனின் ஒலிச்சாயலைப் புரவலன் தலையில் கட்ட வேண்டாம். பருத்தவர் குருதியில்தான் லெப்டின் மிகுதி. ‘மெலிமி மிகுந்ததால் பருத்தார்’ என்று ஒரு மாணவி எழுதினால் எப்படித் திருத்துவது?

பென்னாகரத்திலிருந்து:
‘பருமனறுவை’ என்று என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். களி கிண்டிக்கொண்டிருந்தவர் துடுப்பை நிறுத்தி, “கொழுப்பை அறுத்து எடுத்துட்டா அப்புறம் ரெண்டு உருண்டை தின்னலாமா?” என்றார். அங்கே அறுபடுவது கொழுப்பன்று. ஒரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்குகிறார்கள், மற்றொன்றில் சிறுகுடலை மாற்றி இணைக்கிறார்கள். மருத்துவமனைப் பலகைகளில் ஏற்கெனவே இருக்கும் ‘எடைக்குறைப்பு அறுவை’ போதும்.

தருமபுரியிலிருந்து:
அதை ஏற்றுக்கொண்டேன். மற்றொன்றுக்கு, மூவர் ஒப்பியதால், ‘புரதத்திரள்’ என எழுதி அருகில் புரோட்டியோம் என்றும் இடுகிறேன். லெப்டின் லெப்டினாகவே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். முட்டையின் வெண்கரு வேகும்போது திரள்வதும் புரதந்தான். ‘குருதியில் புரதத்திரள்’ என்று படிப்பவர், உள்ளே எதுவோ உறைந்துவிட்டது என்று அஞ்சமாட்டாரா?