மறு: தொலைக்காட்சியில் பிறந்து காமிக்ஸுக்குள் போன பாத்திரம் – கலைச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

> ஆங்கில ரசிகர்கள் 'கேனன் இமிகிரன்ட்' (அதிகாரபூர்வ மூலக்கதைக்குள் குடியேறியவர்) என்கிறார்கள். 'மூலக்குடியேறி' என்று வைத்துவிடலாமே?

ஐயா, 'குடியேறி' ஆங்கிலச் சொல்லின் நிழல். நேற்று இன்னொருவர் சொன்ன 'வந்தேறி' அதைவிட மோசம். அது வசைச்சொல்லாகிப் பல காலமாகிறது. இரண்டிலும் எனக்குள்ள பெரிய மறுப்பு வேறு. பாத்திரம் தானே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு வந்ததாக இவை காட்டுகின்றன. நடந்தது அதுவன்று.

ஹார்லி குவின்னையே பாருங்கள். 1992 செப்டம்பரில், பேட்மேன் அசைவூட்டத் (அனிமேஷன்) தொடரின் ஓர் அத்தியாயத்தில் வில்லன் ஜோக்கருக்குக் கூட்டாளி ஒருத்தி தேவைப்பட்டாள். பால் டினி எழுதினார், புரூஸ் டிம் கோமாளி உடை வரைந்தார், ஆர்லீன் சோர்கின் குரல் கொடுத்தார். ஒரு வாரத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. அவள் போகவே இல்லை. 1993இல் அந்தத் தொடரை ஒட்டி வந்த காமிக்ஸில் தலைகாட்டினாள். பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனத்தின் முதன்மைக் கதைவரிசையில் இடம் கிடைக்க 1999 ஆயிற்று. ஏழு ஆண்டுகள் திண்ணையில் இருந்தவளை வீட்டார்தான் உள்ளே அழைத்தார்கள்.

இதற்கு நம் வீடுகளில் புழங்கும் சொல்லே உண்டு: தத்து. பிறந்த வீடு ஒன்று, ஏற்ற வீடு இன்னொன்று. ஏற்பது ஏற்ற வீட்டின் முடிவு. ஆகவே என் முன்மொழிவு, 'தத்துப்பாத்திரம்'.

'இடைச்செருகல்' போதாதா என்று ஒரு கேள்வி வந்தது. போதாது. இடைச்செருகலைக் கண்டால் பதிப்பாசிரியர் பிடுங்கி எறிவார். இங்கே பதிப்பகமே விரும்பி நட்டு வைக்கிறது. முதல், வழி, சார்பு என்று நன்னூலார் நூல்களை வகுத்தார். வழிநூலில் முளைத்தது முதல்நூலுக்குள் திரும்பிப் போவதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. கம்பரின் இரணியன் வதைப்படலம் வால்மீகியில் கிடையாது. கம்பர் பாடினார் என்பதற்காக வால்மீகி ராமாயணத்தில் அது ஏறிவிடவும் இல்லை.

இனிச் சிக்கல்கள். முதலாவது, மிஸ்டர் ஃப்ரீஸ். 1959இலேயே மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் காமிக்ஸில் வந்துவிட்ட, பனித்துப்பாக்கி ஏந்திய சாதாரண வில்லன். 1992இல் அசைவூட்டத் தொடர்தான் அவனுக்கு நோயுற்று உறைநிலையில் கிடக்கும் மனைவி நோராவைக் கொடுத்தது. கண்ணாடிக் குமிழுக்குள் சுழலும் நடனப் பொம்மையைப் பார்த்தபடி அவன் பேசுவதில் அத்தியாயம் தொடங்குகிறது. சளி பிடித்த பேட்மேன், தம் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய சூடான கோழி சூப் குடுவையை அவன் தலைக்கவசத்தில் உடைத்து வெல்கிறார். இத்தனை துயரத்துக்கு நடுவே ஒரு சூப்! எழுத்துக்காக எம்மி விருது பெற்ற அத்தியாயம் இது. பிள்ளைகளுக்கான மாலை நேரப் படம் என்று இந்தத் தொடர்களை ஓரத்தில் உட்கார வைப்பவர்கள் இதையாவது பார்க்க வேண்டும். மூத்த காமிக்ஸ் பின்னாளில் அந்தப் பின்கதையை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் இங்கே தத்துப் போனது பாத்திரமல்ல, பின்கதை. சூப்பர்மேனின் வலிமையை உறிஞ்சும் கிரிப்டோனைட்டோ ஒரு பொருள்: 1943இல் சூப்பர்மேன் வானொலித் தொடரில் வந்து, 1949இல் காமிக்ஸில் ஏறியது. எனவே பொதுச்சொல்லாகத் 'தத்துக்கூறு' வேண்டும். தத்துப்பாத்திரம் அதில் ஒரு வகை.

இரண்டாவது, காவல் அதிகாரி ரெனே மொண்டோயா. அசைவூட்டத் தொடருக்காக உருவானவள், ஆனால் தொடர் ஒளிபரப்பாகும் முன்பே, 1992இன் தொடக்கத்தில், காமிக்ஸில் அச்சேறிவிட்டாள். முதலில் வெளியான இடத்தை வைத்து வரையறுத்தால் அவள் நழுவிவிடுவாள். எங்கே கருவானது என்பதையே அளவாகக் கொள்வோம்.

'தத்து' என்றால் சோதிடத்தில் கண்டம் என்றும் பொருள், 'தத்துப்பித்து' வேறு நினைவுக்கு வருகிறது என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். 'பிள்ளையைத் தத்துக் கொடுத்தார்கள்' என்றால் யாரும் சோதிடரைத் தேடி ஓடுவதில்லையே!

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: தத்துக்கூறு, தத்துப்பாத்திரம், தத்துப் பின்கதை, வினைக்கு 'மூலம் தத்தெடுத்தது'. அசைவூட்டமா இயங்குபடமா என்ற பழைய வழக்கை மட்டும் தயவுசெய்து இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம்.