பெரியப்பா மகனின் பைக் கடன் என் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் வந்திருக்கிறது. உதவி தேவை

கோவில்பட்டி:
வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். ஸ்கோர் 590 தான், பைக் லோன் நிலுவை இருக்கிறது என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பைக் லோனே வாங்கியதில்லை. அறிக்கையைப் பார்த்தால் 2019-ல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த 68,000 ரூபாய். அது பெரியப்பா மகன் வாங்கிய கடன். எங்கள் இருவருக்கும் தாத்தா பெயர். பெரியப்பா, அப்பா இருவர் பெயரும் 'மு'வில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்று. முகவரியும் அதே பூர்வீக வீடு. அண்ணனுக்கு வேலை போய்விட்டது, அவர் மேல் கோபமில்லை. ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், இரண்டு மாதத்தில் கிரயம். நாமே கட்டி முடித்துவிடலாம் என்கிறார் அம்மா. கட்டலாமா?

அருப்புக்கோட்டை அக்கா:
முதலில் ஒன்று சொல்லுங்க தம்பி. அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டீங்களா? போட்டிருந்தால் அது உங்கள் அறிக்கையில் வருவது சரிதான், நீக்க மாட்டார்கள். கணக்கு விவரத்தில் 'கேரன்டர்' (ஜாமீன்தாரர்) என்று இருக்கா, 'இண்டிவிஜுவல்' (கடன் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும்) என்று இருக்கா?

கோவில்பட்டி:
இண்டிவிஜுவல் அக்கா. நான் எங்கேயும் கையெழுத்து போடவில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: மேலே அடையாள விவரத்தில் அண்ணனுடைய வோட்டர் ஐடி எண்ணும் பழைய செல் நம்பரும் இருக்கின்றன.

வங்கிப்பணி ஓய்வு:
அங்கேதான் தம்பி சிக்கல். பான் எண் இல்லாமல் வோட்டர் ஐடியை வைத்துக் கொடுத்த கடன் என்றால் பெயர், முகவரி பார்த்துத்தான் ஆளைச் சேர்ப்பார்கள். தாத்தா பெயர் வைக்கும் குடும்பங்களில் இந்தக் குழப்பம் வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து கட்டாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' (முழுதாகக் கட்டாமல் முடித்தது) என்று பதிவாகும், பழைய தவணைத் தவறுகளும் அப்படியே இருக்கும்.

சிபில் தளத்தில் 'டிஸ்ப்யூட்' (தவறு பற்றிய புகார்) பகுதிக்குப் போய், கணக்கு என்னுடையதல்ல என்று போடுங்கள். அந்த வோட்டர் ஐடி, செல் நம்பர் இரண்டுக்கும் தனியாகப் போடுங்கள். அவை இருக்கும்வரை நாளைக்கு அண்ணனின் வேறு கடனும் வந்து ஒட்டிக்கொள்ளலாம். சிபில் தானாக எதையும் நீக்காது, கடன் கொடுத்தவரைக் கேட்டுத்தான் திருத்தும். அதனால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். கடன் விண்ணப்பத்தில் உள்ள போட்டோ, கையெழுத்து, அடையாளச் சான்றை உங்களுடையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது, ஒப்புகை வாங்குங்கள்.

மொத்தம் 30 நாள் கெடு. அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இது. அப்போதும் நடக்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணமில்லை.

சிபில் போலவே கடன் பதிவு வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் அறிக்கைகளையும் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை ஒவ்வொன்றிலும் இலவசம்.

அருப்புக்கோட்டை அக்கா:
வீடு விற்பவரிடம் இப்பவே பேசி, கிரயத் தேதியைத் தள்ளி எழுதி வாங்கிக்கோங்க. கடைசி வாரத்தில் கேட்டால் அட்வான்ஸுக்கு ஆபத்து.

கோவில்பட்டி (24 நாள் கழித்து):
ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. அண்ணனே என்னோடு கம்பெனிக் கிளைக்கு வந்தார். ஃபைலைத் திறந்தார்கள், ஒட்டியிருந்தது அவர் போட்டோ. "கடன் என்னுது, தம்பிக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தவணையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் கம்பெனி எனக்குக் கடிதம் கொடுத்தது. நேற்று சிபிலில் கணக்கு போய்விட்டது, ஸ்கோர் 742. வங்கியில் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். சிஆர்ஐஎஃப் அறிக்கையில் மட்டும் அண்ணனின் வோட்டர் ஐடி எண் இன்னும் இருக்கிறது, அதற்கும் இன்று புகார் போட்டுவிட்டேன்.