வீட்டுக்குக் காபி மெஷின் வாங்கியவர்களே, என்ன நடந்தது?

மாம்பலம்வாசி:
மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த எஸ்பிரசோ மெஷின். அட்டையில் 15 பார் அழுத்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் இருந்த பொடியையே, பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டையும் சரிபாதி, 20 சதவீதம் சிக்கரி, கைப்பிடியோடு இருக்கும் சல்லடையில் நிரப்பி அழுத்தினேன். மோட்டார் முனகியது, ஒரு சொட்டு இறங்கவில்லை. அணைத்துவிட்டுக் கைப்பிடியைத் திருகினேன். வெடித்தது. சூடான பொடிக்குழம்பு சுவர், தினசரிக் காலண்டர், அப்பாவின் வெள்ளை வேட்டி எல்லாவற்றிலும். அப்பா குனிந்து, தரையில் கிடந்ததை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். "நல்ல பொடியாயிற்றே" என்றார். கையில் பட்ட கொப்புளம் ஆறிவிட்டது, அந்தக் குரல் ஆறவில்லை. இரண்டு வருடமாக மெஷின் பரணில் இருக்கிறது. சிக்கரி குடிக்கிற வீட்டில் யாரும் வாங்காதீர்கள்.

கருங்காப்பி:
வாங்காதீர்கள் என்று எப்படிச் சொல்லலாம்? தண்ணீர் பட்டதும் சிக்கரி கரைந்து பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். உள்ளே அழுத்தம் அடங்குமுன் கைப்பிடியைத் திறந்தது நீங்கள். இன்னொன்று, எஸ்பிரசோவுக்கு 9 பார் போதும். 15 என்பது பம்பின் உச்சத் திறன், அதைப் பார்த்து மெஷின் வாங்கவே கூடாது. கையில் 20,000 ரூபாய் இருந்தால் பாதியைக் கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். சிக்கரி இல்லாத கொட்டையை அன்றன்று அரையுங்கள். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும். சீக்கிரம் இறங்கினால் இன்னும் நைசாக அரையுங்கள், சொட்டுச் சொட்டாக விழுந்தால் கொஞ்சம் பருபருவென்று. நான் மூன்று மாதம் கடைப்பொடியில் புளித்த தண்ணீர் குடித்தவன். கிரைண்டர் வந்த பிறகு ஒருநாள் தேன் இழைபோல இறங்கியது. அதைப் பார்த்தபடி நின்றதில் ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

திருவையாற்றுப் பெண்:
பாரும் கிராமும் இருக்கட்டும். அம்மாவுக்குக் கைநடுக்கம். பில்டரில் கொதிநீர் ஊற்றக் கூடாது என்று நான் தடுத்த நாளிலிருந்து காபி கேட்பதையே அவர் நிறுத்திவிட்டார். எலக்ட்ரிக் டிரிப் மெஷின் வாங்கினேன். பச்சைத்தண்ணீர், பொடி, ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். சிக்கரி கலந்த பொடியும் தடையின்றி இறங்குகிறது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசனை எழுப்பியது. போய்ப் பார்த்தால், எனக்கு டபராவில் ஆற்றி மூடி வைத்துவிட்டு அம்மா காத்திருக்கிறார். நான்கு வருடத்துக்குப் பிறகு அம்மா போட்ட காபி. டிகாக்ஷன் இரண்டாம் டிகாக்ஷன் மாதிரித்தான் இருந்தது. மறுநாளே ஒரு கரண்டி பொடியை அவர் கூட்டிப் போட்டுக்கொண்டார்.

போர்த்தண்ணீர்:
பிளக்கைப் பற்றி யாருமே பேசவில்லை. 1,450 வாட் மெஷின் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண பாயிண்டில் அடாப்டர் வைத்துப் போட்டேன்; உருகி ஒட்டிக்கொண்டது. 16 ஆம்பியர் பாயிண்ட் சமையலறையில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உப்புத்தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே சுண்ணாம்பு படியும். படிந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஓட்ட வேண்டும்.

மாம்பலம்வாசி:
பரணிலிருந்து இறக்கிவிட்டேன். சிக்கரி கலக்காத பொடி கால் கிலோ வந்திருக்கிறது. சல்லடையில் பழைய பொடி கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தால் போதுமா, ஊசியால் குத்தி எடுக்கலாமா? அப்பா கேட்கச் சொன்னார்.