பொருள்: மெல்லேற்றம், மெல்லிறக்கம் – கார் ஆடியோ மின்தேக்கிக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் மாட்டும் பெரிய மின்தேக்கியை (கெப்பாசிட்டரை) பேட்டரியுடன் நேராக இணைப்பதற்கு முன், ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக சார்ஜ் ஏற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இதை pre-charge என்கிறார்கள். இந்த வேலைக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட நம் குழு இழையில் முன்னேற்றம், தடையேற்றம், மென்னேற்றம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லுக்குப் போகும் முன் வேலையைப் பார்த்துவிடலாம்.

1 ஃபாரட் மின்தேக்கி 12 வோல்ட்டில் 72 ஜூல் ஆற்றலைப் பிடித்து வைக்கும். காலியாக இருக்கும்போது பேட்டரியில் நேராகத் தொட்டால் அது கிட்டத்தட்ட ஷார்ட்தான், ஏனென்றால் அதன் உள்தடை சில மில்லி ஓம் மட்டுமே. பொறி பறக்கும், முனை கருகும், ஃபியூஸ் போகும். நடுவே 30 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் தொடக்க மின்னோட்டம் 0.4 ஆம்பியரில் அடங்கிவிடும். சுமார் இரண்டரை நிமிடத்தில் ஏறக்குறைய முழுதும் ஏறிவிடும். (ஆரம்பத்தில் 5 வாட் அளவுக்குச் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்காது. 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டராக வாங்குங்கள்.)

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ரெசிஸ்டர் வைப்பதால் வெப்பமாகப் போகும் ஆற்றல் குறைவதில்லை. மாறாத மின்னழுத்தத்திலிருந்து ஏற்றினால், மின்தேக்கியில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவும் வழியில் சூடாகப் போய்த்தான் தீரும். நேராகத் தொட்டால் அந்த 72 ஜூலும் ஒரு நொடிக்குள் வயரிலும் முனையிலும் பொறியிலும் தீர்ந்துவிடும். ரெசிஸ்டர் இருந்தால் அதே 72 ஜூல் நிமிடக் கணக்கில் பரவிப் போகும். ஆக, ரெசிஸ்டர் செய்வது நேரத்தை நீட்டுவது மட்டும்தான். பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

முன்னேற்றம் என்பதை விட்டுவிடலாம். ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிய சொல். அதைவிடப் பெரிய குறை, 'முன்' என்பது எப்போது செய்வது என்று சொல்கிறதே தவிர, எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. தடையேற்றத்தில் கருவியின் பெயர் இருக்கிறது, ஆனால் ரெசிஸ்டர்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை வைத்தும் பல மெக்கானிக்குகள் ஏற்றுகிறார்கள். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, அணைந்துவிட்டால் வேலை முடிந்தது. மீட்டரே தேவையில்லாத அருமையான வழி அது.

மென்னேற்றம் பொருளில் சரியாக வருகிறது, சந்தியும் சுத்தம். ஆனால் மின்னேற்றத்துக்கும் அதற்கும் ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு. பட்டறைச் சத்தத்தில் "மென்னேற்றம் செய்" என்று சொன்னால் "மின்னேற்றம் செய்" என்றுதான் காதில் விழும். கேட்டவர் நேராக இணைத்துவிடுவார். பாதுகாப்புக்காக வைக்கும் பெயரில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

அதனால் நான் முன்வைப்பது மெல்லேற்றம். மெல்லிசை, மெல்லினம் போல இயல்பாக நாக்கில் வரும், 'மின்'னோடு குழம்பாது. ("பைய ஏத்து" என்பதும் நல்ல பேச்சுவழக்குதான், ஆனால் 'பையேற்றம்' என்று எழுதினால் பைதான் நினைவுக்கு வரும்.) தமிழ்நாட்டார் மின்தேக்கி என்றாலும் இலங்கை நண்பர்கள் கொள்ளளவி என்றாலும் இரண்டோடும் சேரும்.

இதன் இணை, மெல்லிறக்கம். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறோம். பேட்டரியைக் கழற்றினாலும் மின்தேக்கியில் சார்ஜ் தங்கியிருக்கும். அதன் முனைகளுக்குக் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் அதே பொறிதான். விரலில் மோதிரமோ கையில் உலோகப் பட்டை வாட்சோ இருந்தால் தீக்காயமே ஆகும். அதே ரெசிஸ்டரை இரு முனைகளுக்கும் இடையே வைத்து இறக்க வேண்டும். 'முன்' வைத்து ஆரம்பித்திருந்தால் இந்தப் பக்கத்துக்குச் சொல்லே கிடைத்திருக்காது.

மின்சாரக் காரை இரவு முழுக்க வீட்டில் சார்ஜ் போடுவதோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அது பேட்டரிக்கு; அதை மெது மின்னேற்றம் என்றே சொல்லலாம். அதே மின்சாரக் காரில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரிலும் பெரிய மின்தேக்கிகள் உண்டு. முதன்மை கான்டாக்டர் (பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்ச்) மூடும் முன் ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் அவற்றை ஏற்றுகிறார்கள். மெல்லேற்றம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கையேட்டில் வைத்துப் பார்க்க இரண்டு வரி:

"பேட்டரியைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், பிளஸ் மைனஸ் சரிபார்த்து, மின்தேக்கியை மறுபடி மெல்லேற்றம் செய்யவும். மின்தேக்கியைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் ஃபியூஸை எடுத்து, மெல்லிறக்கம் செய்து, மின்னழுத்தம் சுழிக்கு வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவும்."

பட்டறையில் வேலை செய்பவர்கள் இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.