புதுப்பிப்பு: மான் வேட்டைக்குப் பை வாங்கிவிட்டேன்

பென்சில்வேனியாவில் ஒரு நாள் மான் வேட்டைக்கு 20 லிட்டர் பை போதுமா, 35 லிட்டர் வேண்டுமா என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். பலரும் சிறியதே போதும் என்றீர்கள். கடைசியில் 30 லிட்டரில் ஒன்று வாங்கி, மூன்று நாள் காட்டில் சுமந்தும் பார்த்துவிட்டேன்.

பெரிதாக எடுத்ததற்குக் காரணம் குளிர்கோட்டுதான். அதைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் வியர்த்து நனைந்துவிடும். அப்புறம் மரத்தடியில் அசையாமல் உட்காரும்போது உடம்பு விறைக்கிறது. இப்போது கோட்டைப் பையில் கட்டிக்கொண்டு ஏறி, இடத்துக்குப் போன பிறகே போடுகிறேன். தண்ணீர், கத்தி, கயிறு, தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 7 கிலோ. இடுப்புப் பட்டை இருப்பதால் தோள் வலிக்கவில்லை.

நைலான் வேண்டாம் என்று சொன்னவருக்கு நன்றி. பழைய நைலான் பையோடு போன அன்று, கிளை உரசிய சத்தத்திலேயே ஒரு பெண்மான் ஓடிவிட்டது. புதியது மெத்தென்ற துணி, சத்தமே இல்லை.

இறைச்சி சுமக்கப் பையோடு மாட்டும் கம்பிச் சட்டகம் தேவைப்படவில்லை. மான் விழுந்த இடத்திலேயே வேட்டை உரிமத்தோடு தரும் அடையாளச் சீட்டை அதன் காதில் கட்டிவிட்டு, வண்டி வரை கயிற்றால் இழுத்து வந்தோம்.

யாரும் சொல்லாத ஒன்று: துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில், மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் நாம் படும்படி, தலை, மார்பு, முதுகு சேர்த்து குறைந்தது 250 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். பை மாட்டியதும் முதுகு மறைந்துவிடுகிறது! பைக்கு மேலேயே ஆரஞ்சு உறை போட்டுவிட்டேன். தயவுசெய்து நீங்களும் போடுங்கள்.