புவி, விண்வெளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி எப்படி அமைந்தால் வகுப்பறை வரை வந்து சேரும்?

இயற்பியலாசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியல் படித்தவன். ஒன்பது ஆண்டுகளாக இடைநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். பாடத்திட்டத்தில் புவி அறிவியலுக்கும் விண்வெளி அறிவியலுக்கும் கூடுதல் இடம் கிடைத்தபோது அவற்றை எடுக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது. பாறைகளைப் பற்றியோ நில அதிர்வைப் பற்றியோ கல்லூரியில் நான் ஒரு தாள்கூட எழுதியதில்லை.

இதுவரை மூன்று பணியிடைப் பயிற்சிகளுக்குச் சென்று வந்துள்ளேன். மூன்றும் ஒருநாள் பயிற்சிகள். கருத்தாளர் படங்களைத் திரையில் காட்டிப் பேசினார். நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டு, மாலையில் சான்றிதழோடு வீடு திரும்பினோம். பேசியவர்கள் துறையை நன்கு அறிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில்தான் என்றால் அப்போது வட அரைக்கோளத்தில் ஏன் குளிர்காலம் என்று ஒரு மாணவி கேட்டாள். அச்சு சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று விளக்கினேன், அவளும் தலையசைத்தாள். தேர்வில் அவள் எழுதிய விடை இது: “அச்சு சாய்ந்திருப்பதால் கோடையில் வட அரைக்கோளம் சூரியனுக்கு அருகில் வந்துவிடுகிறது.” நான் சொன்னதையும் விடாமல், தன் பழைய எண்ணத்தையும் விடாமல் இரண்டையும் அவள் ஒட்டவைத்திருந்தாள். அந்தத் தாளைத் திருத்தும்போது என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. மூன்று பயிற்சிகளில் ஒன்றுகூட இதற்கு என்னைத் தயார்ப்படுத்தவில்லை.

உங்கள் வகுப்பறையை உண்மையாகவே மாற்றிய பயிற்சி எது? அறிவியல் ஆசிரியர்கள் நால்வருக்கு மாதம் நான்கு மணி நேரம் ஒதுக்கித் தர எங்கள் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். அதை எப்படிப் பயன்படுத்தலாம்?

பிறைநோக்கி

அந்த மாணவியின் விடைத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நால்வரின் முதல் கூட்டத்துக்கு அதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஜூலைத் தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம் கி.மீ. ஆக, ஆண்டுக்குள் தொலைவு 50 லட்சம் கி.மீ. மாறுகிறது. அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் இரு துருவங்களுக்கும் சூரியனுக்குமான தொலைவில் வரும் வேறுபாடு, கூடிப்போனால் ஏறத்தாழ 5,000 கி.மீ. மட்டுமே. 50 லட்சமே பருவத்தை உண்டாக்காதபோது, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எப்படி உண்டாக்கும் என்று அவளையே கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு கட்டத்தாளின் மீது கைவிளக்கை நேராகவும் சாய்வாகவும் பிடித்து, ஒளி எத்தனை கட்டங்களில் பரவுகிறது என்று எண்ணச் செய்யுங்கள். தொலைவைவிட ஒளி விழும் சாய்வே முக்கியம் என்பது அப்போது விளங்கும்.

பாடநூல் படமும் பல நேரங்களில் குற்றவாளிதான். பூமியின் பாதையைச் சாய்வான கோணத்திலிருந்து வரைவதால் அது முட்டை வடிவில் தெரிகிறது. உண்மையான பாதையை 20 செ.மீ. அகலத்துக்கு வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு 0.03 மி.மீ. கூட வராது, பென்சில் கோட்டின் தடிப்பே அதைவிட அதிகம். இதை வரைந்து பார்த்த ஆசிரியர் அந்தப் படத்தைப் பிறகு வெறுமனே கரும்பலகைக்கு மாற்ற மாட்டார்.

என்னை மாற்றிய பயிற்சி ஒரு மாதம் நீடித்தது. அதில் சொற்பொழிவு மிகக் குறைவு. தெளிவான ஒவ்வொரு நாளும் நிலவைப் பார்த்து, அதன் வடிவம், நேரம், சூரியனிலிருந்து எத்தனை கைமுட்டி (மூடிய கையின் அகலம்) விலகியிருக்கிறது என்பவற்றைக் குறிக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நாளுக்கு ஏறத்தாழ 12 பாகை நிலவு விலகிச் செல்வதை நூலில் படித்திருந்தும், என் நோட்டில் என் கையால் எழுதிய எண்களில் அதைக் கண்டபோதுதான் அது எனக்குச் சொந்தமாயிற்று. அரைநிலவு நாளின் பிற்பகலில், சூரியன் மேற்கிலும் நிலவு கிழக்கிலும் தெரியும்போது, பயிற்றுநர் ஒரு வெள்ளைப் பந்தை என்னிடம் கொடுத்து நிலவுக்கு நேரே வெயிலில் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். பந்தும் நிலவும் ஒரே பக்கத்தில், ஒரே அளவில் ஒளிர்ந்தன. பூமியின் நிழல்தான் பிறையை உண்டாக்குகிறது என்று அதுவரை சொல்லிவந்த ஓர் ஆசிரியர் என் அருகில் இருந்தார். “சூரியன் அங்கே இருக்கும்போது பூமியின் நிழல் நம் காலுக்குக் கீழே அல்லவா போகும்?” என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

கல்லும்மண்ணும்

மேலே சொன்னது வானியலுக்கு மட்டுமன்றிப் புவி அறிவியலுக்கும் பொருந்தும். ஆயினும் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிலவைப் பார்க்கலாம், பூமியின் உட்பகுதியைப் பார்க்க இயலாது. அனைத்தும் மறைமுகச் சான்றுகள். அந்தச் சான்றுகளைக் கையாளாத ஆசிரியர் முடிவுகளை மட்டுமே ஒப்பிப்பார். பூமியின் மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடைப்பட்ட கவசம் உருகிய குழம்பு என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானும் அப்படிச் சொன்னவனே. நில அதிர்வின்போது முதலில் வருவது முதன்மை அலை, அதற்கடுத்து வருவது இரண்டாம் நிலை அலை. இரண்டாம் நிலை அலைகள் நீர்மத்தில் செல்லா. ஆனால் கவசத்தின் ஊடே செல்கின்றன, வெளிக்கருவத்தில்தான் நின்றுபோகின்றன. அப்படியானால் கவசம் திண்மமே என்பது ஒரே மூச்சில் விளங்கிவிடும். திண்மமாக இருந்தபடியே அது மிக மெதுவாக ஒழுகுகிறது என்பது அடுத்த வியப்பு. உட்கருவம் ஒன்று உண்டு என்று 1936-ல் டென்மார்க் நில அதிர்வியலாளர் இங்கெ லேமான் (Inge Lehmann) கண்டதும் இத்தகைய அதிர்வுப் பதிவுகளைக் கூர்ந்து வாசித்துத்தான்.

நாங்கள் செய்த பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். மூன்று நிலையங்களின் நில அதிர்வுப் பதிவுகளைத் தந்தார்கள். முதன்மை அலைக்கும் இரண்டாம் நிலை அலைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளவுகோலால் அளந்தோம். அண்மையில் நிகழும் அதிர்வுகளுக்கு, இந்த இடைவெளியின் ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம், 40 விநாடி இடைவெளி என்றால் 320 கி.மீ. அதை ஆரமாக வைத்து வரைபடத்தில் மூன்று வட்டங்கள் வரைந்தோம். பாடநூலில் அவை ஒரே புள்ளியில் சந்திக்கும். எங்கள் மேசையில் சந்திக்கவில்லை. நடுவில் சிறு முக்கோணம் ஒன்று எஞ்சியது. பிழை செய்துவிட்டோம் என்று எண்ணி இரண்டு பேர் அழிப்பானைக் கையில் எடுத்தார்கள். பயிற்றுநர் தடுத்து, அந்த முக்கோணம் எதனால் வந்தது என்று கேட்டார். அதிர்வின் ஆழத்தை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. பாறைக்குப் பாறை அலையின் வேகம் மாறும். பதிவில் அலை எங்கே தொடங்குகிறது என்று இருவர் இருவிதமாகக் குறித்திருந்தார்கள். அதன்பின் ஒரு மணி நேரம் அந்த முக்கோணத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். மாணவரின் வட்டங்கள் ஒன்று சேராவிட்டால் நான் இப்போது பதறுவதில்லை.

சொல்லும்பொருளும்

இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன்; ஆனால் ஒரு கருத்தில் மாறுபடுகிறேன். கையால் செய்வது என்ற பெயரிலேயே பொருளற்ற செயல்கள் பல பயிற்சிகளில் இடம்பெறுகின்றன. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்கவைக்கும் எரிமலை மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அமிலமும் காரமும் வினைபுரிந்து வாயுவைப் புதிதாக உண்டாக்குகின்றன. எரிமலையில் நடப்பது அதுவன்று. கற்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும், குழம்பு மேலேறி அழுத்தம் குறையும்போது குமிழிகளாகப் பிரிகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்து காட்டுவதே உண்மைக்கு நெருக்கமான மாதிரி. இந்த வேறுபாட்டை அறியப் பாடப்பொருளில் ஆழம் வேண்டும்.

பாடப்பொருளை அறிவதும் கற்பிக்கும் கலையை அறிவதும் தனித்தனி. குறிப்பிட்ட ஒரு கருத்தை மாணவருக்குப் புரியும்படி எப்படி வைப்பது என்பது இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு என்று 1986-ல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் எழுதினார். உங்கள் நான்கு மணி நேரத்தில் செயல்பாடுகளுக்கு மட்டும் இடம் தராதீர்கள். ஒருவர் பாடம் எடுக்க, மற்ற மூவர் பின்வரிசையில் அமர்ந்து ஆசிரியரை விட்டுவிட்டு மாணவர்களை மட்டும் கவனியுங்கள். பிறகு கூடி, அதே பாடத்தைத் திருத்தி இன்னொரு பிரிவில் எடுங்கள்.

வெளியூர்வாசகர்

சுருக்கமாக இரண்டு செய்திகள். பன்னாட்டு வானியல் ஒன்றியம் பள்ளி ஆசிரியர்களுக்கென்று பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது; எளிய பொருள்களைக் கொண்டு செய்யும் செயல்முறைகள் அவற்றில் மிகுதி. முகில், மண், நீர் ஆகியவற்றை மாணவரோடு சேர்ந்து அளந்து தரவுத்தளத்தில் பதிய விரும்பினால், 1995-ல் தொடங்கிய, மாணவர்கள் சுற்றுச்சூழலை அளக்கும் பன்னாட்டுத் திட்டமான குளோப் (GLOBE) திட்டத்தின் பயிற்சியை இணையவழியாகவே முடிக்கலாம். வானத்தைக் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லாரியம் மென்பொருள் கட்டணமில்லாதது; மழைநாளில் கைகொடுக்கும், ஆனால் வானத்துக்கு மாற்றாகாது. சூரியனைப் பார்க்கும் செயல் எதுவாயினும், உரிய வடிகட்டி இல்லாமல் ஒருவரும் நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இயற்பியலாசிரியர்

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று நால்வரும் கூடினோம். முதலில் அந்த விடைத்தாளைப் படித்தோம். 5,000, 50 லட்சம் என்ற இரண்டு எண்களையும் அருகருகே எழுதியபோது, வேதியியல் எடுக்கும் அம்மையார், தாமும் இத்தனை காலம் அந்த மாணவியைப் போலவே எண்ணியிருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னபின் மற்றவர்களுக்கும் தயக்கம் நீங்கிவிட்டது. நில அதிர்வுப் பதிவுகளை அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கிறோம். ஒருவர் எடுக்க மூவர் கவனிக்கும் பாடமாகப் பருவ காலங்களைத் தேர்ந்துள்ளோம்.

நாளை மறுநாள் அமாவாசை. அதற்கடுத்து ஓரிரு மாலைகளில் மேற்கில் மெல்லிய பிறை தெரியும். அன்று முதல் நால்வரும் தனித்தனியே நோட்டுப் போடுகிறோம். பிறைநோக்கி அவர்களுக்கு ஒரு கேள்வி: முகில் மறைக்கும் நாள்களில் அந்த வரியை வெறுமையாக விடுவதா, மறுநாள் பார்த்து ஊகித்து நிரப்புவதா?

பிறைநோக்கி

வெறுமையாகவே விடுங்கள். “முகில்” என்று மட்டும் எழுதுங்கள்.