குஜராத் ஆம்பரில் கிடைத்த பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் உறவினங்கள் இருப்பது எப்படி?

செம்பூர் கோமதி:
அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி ஒன்றுக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. இந்தியத் துணைக்கண்டம் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, ஆசியாவை வந்து முட்டும் வரையில் பல கோடி ஆண்டுகள் கடல் நடுவே தனித்து நகர்ந்தது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் வேறெங்கும் காணாத பூச்சிகளே இங்கு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் சூரத் பக்கத்தில் உள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், கல்லாக இறுகிய மரப்பிசினாகிய ஆம்பருக்குள் அகப்பட்டிருந்த பூச்சிகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உறவினங்கள் உண்டாம். தீவுக்குள் அவை எப்படி வந்து சேர்ந்தன?

முலுந்து நிலவியல் ஆசிரியர்:
வணக்கம் அம்மா. 2010இல் அந்த ஆம்பரைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டவர்களும் இதே கேள்வியைத்தான் கையில் எடுத்தார்கள். ஆம்பரின் வயது 5 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதில் 14 வரிசைகளையும் (வண்டுகள், ஈக்கள் போன்ற பெரும்பிரிவுகள்) 55க்கு மேற்பட்ட குடும்பங்களையும் சேர்ந்த 100 வகைக் கணுக்காலிகள் அடையாளம் காணப்பட்டன. இவற்றுக்கு வடக்கு ஐரோப்பாவின் தொல்லுயிர்களோடும், ஆஸ்திரேலியப் பகுதியிலும் வெப்பமண்டல அமெரிக்காவிலும் இன்று வாழும் பூச்சிகளோடும் உறவு தெரிந்ததே தவிர, நெடுங்காலம் தனித்திருந்த தீவுக்குரிய அடையாளம் மிகக் குறைவாகவே இருந்தது.

வந்த வழியைப் பொறுத்தவரை, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பரந்திருந்த டெத்திஸ் கடலில் எரிமலைத் தீவுகளின் தொடர் ஒன்று இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அதன் பாறைகளை லடாக்கிலும், பாகிஸ்தானின் கோகிஸ்தானிலும் இன்றும் காணலாம். இறக்கையுள்ள பூச்சியோ, மிதந்து வரும் மரக்கட்டைக்குள் குடியிருக்கும் கறையானோ, தீவு தீவாகத் தாவி வருவதற்கு நிலங்கள் ஒட்டிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவைத் தனித் தீவு என்று சொல்வதைவிட, அக்கம்பக்கத்தோடு அவ்வப்போது போக்குவரத்து இருந்த நிலம் என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

மாட்டுங்கா வாசகர்:
ஆசிரியர் பூச்சியைப் பற்றிச் சொன்னார். பிசினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த ஆம்பரைத் தந்தவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். நாம் வீட்டில் தணலில் இடும் குங்கிலியமும் அதே குடும்பத்து மரங்களின் பிசின்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும் வட இந்தியாவின் சால் மரமும் அதில் அடங்கும். இதைப் படித்தவுடன், இங்குள்ள கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த குங்கிலியத்தில் பெரிய கட்டி ஒன்றை எடுத்து, மேலே படிந்திருந்த வெண்பொடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேன் நிறத்துக்கு நடுவில் ஓர் எறும்பு, பின்னங்கால் ஒன்றை நீட்டியபடி அப்படியே உறைந்திருந்தது. உங்கள் மகளிடம் ஒரு கட்டியைக் கொடுத்துப் பாருங்கள் அம்மா. எல்லாக் கட்டியிலும் இருக்காது, தேட வேண்டும்.

குஜராத் ஆம்பர் கல்லைப் போலத் தோன்றினாலும் முழுமையாக இறுகிவிடவில்லை. ஆகவே உரிய கரைப்பானில் இட்டால் பிசின் கரைந்து, பூச்சி முழு உடலோடு வெளியே வந்துவிடுகிறது. 5 கோடி ஆண்டுப் பழைய பூச்சியின் மேல்தோலை நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகவே வைத்துப் பார்க்கலாம்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. 2022இல் வெளியான மகரந்தத் தொல்லெச்ச ஆய்வு, இம்மரக் குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, ஆசியாவோடு நிலம் சேர்ந்தபின் தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்குப் பரவியது என்று காட்டுகிறது. மரம் தெற்கிலிருந்து வந்து கிழக்கே போயிற்று. அதன் பிசினில் சிக்கிய பூச்சிகளில் பலவற்றின் உறவோ வடக்கே இருக்கிறது. இரண்டு பயணங்களும் ஒரே கட்டிக்குள் அடங்கியிருக்கின்றன.

தாணே சுந்தரம்:
ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் இனம் இன்று எங்கே வாழ்கிறது என்பதை வைத்து, அது எங்கே பிறந்தது என்று முடிவு கட்டக் கூடாது. ஆப்பிரிக்காவுக்கே உரியது என்று நாம் எண்ணும் செட்சி ஈ, அமெரிக்காவின் கொலராடோவில் சுமார் 3.4 கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைத்திருக்கிறது. குடியேறிய ஐரோப்பியர் கொண்டுபோகும் வரை அமெரிக்காவில் தேனீ இனமே இருந்ததில்லை என்று நம்பியிருந்தார்கள். 2009இல் நெவாடாவில் 1.4 கோடி ஆண்டுப் பழைய தேனீயின் புதைபடிவம் விவரிக்கப்பட்ட பிறகு அந்த நம்பிக்கை நிற்கவில்லை. அங்கே இருந்தது, பின்னர் அழிந்துபோயிற்று.

செம்பூர் கோமதி:
மூவருக்கும் மிக்க நன்றி. மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். குளிரைத் தாங்காத பூச்சிகள் வடதுருவத்தை ஒட்டிய நிலம் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போயிருக்க முடியுமா என்று இப்போது கேட்கிறாள்.

தாணே சுந்தரம்:
முடிந்திருக்கிறது. ராணியின் உடல் மட்டுமே 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு பேரெறும்பை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய பாறையிலிருந்து 2011இல் விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவினங்களின் புதைபடிவங்கள் ஜெர்மனியில் கிடைத்துள்ளன. அவ்வளவு பெரிய எறும்புகள் இன்று வெப்பமான நாடுகளில்தான் வாழ்கின்றன. அக்காலத்தில் வடக்கு அட்லாண்டிக் வழியே நிலத்தொடர்பு இருந்தது. இடையிடையே புவி திடீரென்று சூடேறிய குறுகிய காலங்களில் அந்த வழி அவற்றுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.